பிறர் கேளாத ஓசை

1619 நவம்பர் 10. தெற்கு ஜெர்மனியில் குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கிவிட்ட பிரெஞ்சு இளைஞன் ஒருவன், கணப்பு மூட்டிய அறையில் இரவு படுக்கப் போகிறான். பவேரியப் படையில் சேர வந்தவன், வயது 23. வியக்கத்தக்க ஓர் அறிவியலின் அடித்தளத்தைக் கண்டுகொண்டுவிட்டோம் என்ற பரவசம் அன்று முழுக்க அவனுக்குள் இருந்தது. அந்த இரவில் மூன்று கனவுகள் வந்தன. முதல் கனவில் சுழற்காற்றொன்று அவனைப் பிடித்து அலைக்கழித்தது. விழித்தவன் புரண்டு படுத்துப் பிரார்த்தனை செய்தான். உலகின் நன்மை தீமைகளைப் பற்றி யோசித்தபடி ஏறக்குறைய 2 மணி நேரம் விழித்துக் கிடந்தான். மறுபடி கண் அயர்ந்ததுதான் தாமதம், காதைத் துளைக்கும் பேரோசை. இடி என்று எண்ணிப் பதறி எழுந்தான். அறையெங்கும் நெருப்புப் பொறிகள் சிதறியிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த இளைஞன் ரெனே தெகார்த். அந்த இரவைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பேடு தொலைந்துபோயிற்று. 1691இல் அத்ரியன் பையே எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கும் சுருக்கமே நமக்கு மிஞ்சியது. அதில் கடந்துபோய்விடக் கூடாத ஒரு விவரம் இருக்கிறது. நெருப்புப் பொறிகளைக் காண்பது தெகார்த்துக்குப் புதிதல்ல. முன்பும் பலமுறை நேர்ந்ததுண்டு. இந்த முறை அவர் கண்களை மாறி மாறித் திறந்தும் மூடியும், எதிரிலிருக்கும் பொருள்கள் எப்படித் தெரிகின்றன என்று கவனித்துப் பார்த்தார். அச்சம் நீங்கியது. அமைதியாகத் தூங்கினார். அந்த இடியோசைக்குப் பின்னர் அவர் கொண்ட பொருள், உண்மையின் ஆவி தன்மேல் இறங்கியதன் அறிகுறி அது என்பது.

2018இல் தூக்க மருத்துவ இதழொன்றில் வெளியான கட்டுரை, தெகார்த் அன்று கேட்டது இன்று எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சிண்ட்ரோம், அதாவது வெடிக்கும் தலை நோய்க்குறி, என்று அழைக்கப்படும் தூக்கக் கோளாறாக இருக்கலாமா என்று கேட்டது. 400 ஆண்டுகளுக்கு முன் படுத்திருந்தவரைச் சோதித்து உறுதி சொல்ல இனி வழியில்லை. ஆனால் அடையாளங்கள் பொருந்துகின்றன. தூங்கத் தொடங்கும் நொடி, திடீர்ப் பேரோசை, உடன் ஓர் ஒளித்தெறிப்பு, பதற்றம், அதன்பின் எந்தத் தீங்குமில்லாத அமைதி. தூங்கப் போகும் எவருக்கும் நேரக்கூடிய உடல் நிகழ்வு ஒன்று, மேற்கத்திய நவீன தத்துவத்தின் பிறப்புக் கதைக்குள் அமர்ந்திருக்கிறது என்றால் அதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

*

இந்தக் கோளாறின் பெயர் உண்டாக்கும் பயம் கோளாறு செய்யும் தீங்கைவிடப் பெரியது. தலை வெடிப்பதில்லை. வலிப்பதும் இல்லை. விழிப்பிலிருந்து தூக்கத்துக்குள் நழுவும் வேளையில், சில சமயம் தூக்கம் கலையும் வேளையில், தலைக்குள் பெருஞ்சத்தம் ஒன்று கேட்கும். ஒரு நொடியோ சில நொடிகளோதான். வெடிகுண்டு, துப்பாக்கிச் சூடு, கதவை அறைந்து சாத்துவது, ஜால்ரா மோதுவது, பாறையில் அலை அடிப்பது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். சிலருக்கு மின்னல்போல ஒளியும் தெரியும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு முட்டும். எழுந்து பார்த்தால் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டுகூடப் படுத்திருக்க மாட்டார்.

என் பெரியம்மாவுக்கு அது பித்தளை அண்டா உருளும் சத்தம். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடு. அடுக்களையை ஒட்டிய சின்ன அறையில் கல்யாணச் சீராக வந்த பாத்திரங்கள் அடுக்கியிருக்கும். படுத்துக் கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டு எழுந்துவிடுவார். டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போவார். அண்டா, தவலை, சருவம், போணி என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். ஒரு தவலையின் மேல் கவிழ்த்திருந்த தட்டுகூட நகர்ந்திருக்காது. அதன்மேல் படிந்த தூசி கலையாமல் இருக்கும். விரலால் அந்தத் தூசியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

"என்னட்டி, எலியா?" என்பார் பெரியப்பா தூக்கத்தில்.

"ஒண்ணுமில்ல, நீங்க படுங்க."

இப்படியே வருஷக்கணக்கில் போயிருக்கிறது. ஒருமுறை என் அம்மாவிடம் மட்டும், "ஏளா, பாத்திரம் ஒண்ணும் விழல. எந் தலைக்குள்ளதான் என்னமோ உடையுது" என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் மந்திரித்த கயிறு, தலை ஸ்கேன், தூக்க மாத்திரை எல்லாம் வந்தன. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்ற சொல் அவரை இன்னும் கலவரப்படுத்தியது. ஒன்றுமில்லாததற்கா இந்தச் சத்தம்?

கடைசியாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர் முதலில் கேள்விகள் கேட்டார். வலி இருக்கிறதா, படுத்த உடனே வருகிறதா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, கை கால் இழுக்கிறதா, நினைவு தப்புகிறதா. பதில்களைக் கேட்டுவிட்டு, "உங்க மூளைக்கு ஒரு கேடும் இல்லம்மா. தூக்கத்துக்குள்ள போகும்போது சிலருக்கு இப்படிச் சத்தம் கேக்கும். நெறைய பேருக்கு இருக்கு" என்றார்.

"நெறைய பேருக்கா?" என்றார் பெரியம்மா. பிறகு ஆட்டோவில் வரும்போது அம்மாவிடம் மறுபடியும், "நெறைய பேருக்கு இருக்காம்ளா" என்றார். மூளைக்குக் கேடில்லை என்று மருத்துவர் சொன்னதைவிட அதுதான் அவர் மனதில் நின்றது. சத்தம் அதன்பிறகும் எப்போதாவது வந்தது. டார்ச் எடுக்கும் வேலை நின்றுபோனது.

*

இந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்று முன்வைக்கப்படும் விளக்கம் ஒரு கருதுகோள்தான், ஆனால் நம்பத்தகுந்தது. மூளைத்தண்டில் வலைபோலப் பின்னிக் கிடக்கும் நரம்பணுத் தொகுதி ஒன்று உண்டு. மூளையை விழிப்பில் வைத்திருப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதை 1949இல் மொருட்சியும் மகூனும் காட்டினார்கள். தூக்கம் வரும்போது இந்தத் தொகுதியின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. உடலை அசைக்கும் பகுதி, காணும் பகுதி, கேட்கும் பகுதி எல்லாம் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. படுக்கப் போகுமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வரும்போது, எல்லாக் கதவுகளும் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ள, ஒன்று மட்டும் காற்றில் அடித்துக்கொள்வதுண்டு. அதுபோலக் கேட்கும் பகுதியின் நரம்பணுக்கள் ஓய்வதற்குப் பதிலாக அந்தக் கணத்தில் ஒன்றாகத் துடிக்கின்றன என்பதுதான் ஊகம். காதுக்குள் எதுவும் நுழையவில்லை. கேட்கும் மூளைக்கு மட்டும் அது சத்தம்.

இதன் நெருங்கிய உறவை நாம் எல்லோருமே அறிவோம். கண் அசரும்போது படியில் கால் தவறியதுபோல உடம்பு தூக்கிப்போடுகிறதே, அது. அங்கே துள்ளுவது தசை. இங்கே துள்ளுவது செவி. தூக்கிப்போட்டதை மறுநாள் காலை சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் அது எல்லோருக்கும் நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். வெடிச்சத்தத்தைச் சொல்ல நாக்கு எழுவதில்லை. இரண்டும் ஒரே வாசற்படியில் நடப்பவைதாம். ஒன்று பொது அனுபவமாகிவிட்டது, மற்றது தனி மனிதரின் ரகசியமாக நின்றுவிட்டது.

இது அரிய கோளாறு என்று எழுதுவது வழக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஷார்ப்லெஸ் 211 மாணவர்களிடம் நேரில் விசாரித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 18 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருப்பதாகத் தெரியவந்தது. தூக்கம் கெட்டுத் திரியும் கல்லூரி வயதினரின் கணக்கை ஊர் முழுவதற்கும் பொருத்த முடியாது. ஆனாலும் ஐந்தாறு பேரில் ஒருவருக்கு நேர்ந்திருக்கும் ஒன்றை அரிது என்று சொல்லும்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. நேர்வது அரிதா, சொல்லப்படுவது அரிதா?

*

மருத்துவ எழுத்தில் இதை முதலில் பதிந்தவராகக் கருதப்படுபவர் ஃபிலடெல்ஃபியாவின் நரம்பியலாளர் சைலஸ் வெய்ர் மிட்செல். 1876இல் தூக்கக் கோளாறுகள் பற்றி எழுதிய கட்டுரையில், தூங்கப் போகும் நேரத்தில் துப்பாக்கி வெடித்ததுபோலவும் மணி அடித்ததுபோலவும் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழும் ஆண்களைப் பற்றிச் சொன்னார். அவர் வந்த பாதையைப் பார்த்தால் இந்தப் பதிவு தற்செயலாகத் தோன்றவில்லை.

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போர். நரம்பில் குண்டடிபட்ட வீரர்களுக்கென ஃபிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை இயங்கியது. அங்கே மிட்செல் இரு சக மருத்துவர்களோடு பணியாற்றினார். வெட்டி எடுக்கப்பட்ட கை அரிக்கிறது, இல்லாத விரல்கள் முஷ்டியாக இறுகி உள்ளங்கையில் நகம் குத்துகிறது என்றெல்லாம் சொல்லும் மனிதர்களை அவர் கண்டார். இல்லாத கை வலிக்கிறது என்பவனை நம்புவது எளிதல்ல. மிட்செல் நம்பினார். 1866இல் கை கால்களை இழந்த ஒருவனைப் பற்றிய புனைகதை ஒன்று அவர் பெயரில்லாமல் இதழில் வெளியானபோது, வாசகர்கள் அதை உண்மைக் கதையென்றே எடுத்துக்கொண்டு அந்தக் கற்பனை மனிதனுக்காகப் பணம் திரட்டினார்கள். 1871இல் அந்த இல்லாத உறுப்புகளின் உணர்வைப் பற்றித் தன் பெயரிலேயே எழுதினார். இன்று உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லும் ஃபேண்டம் லிம்ப் என்ற சொல் அந்தக் கட்டுரையின் வழியாகப் பரவியது.

இல்லாத கையின் வலியை ஏற்றுக்கொண்டவர்தான் ஐந்து ஆண்டுகள் கழித்து இல்லாத துப்பாக்கியின் சத்தத்தையும் ஏற்றுக்கொண்டார். இரண்டிலும் வெளியே காட்ட எதுவும் இல்லை. நோயாளியின் சொல் ஒன்றே சான்று. அந்தச் சொல்லைத் தரவாக எடுத்துக்கொண்டதுதான் மிட்செல் செய்த பெரிய காரியம்.

அதே மிட்செலிடம் 1887இல் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் வந்தார். குழந்தை பிறந்தபின் மனச்சோர்வில் அமிழ்ந்திருந்த இளம் எழுத்தாளர். மிட்செல் அப்போது ஓய்வு சிகிச்சைக்குப் பேர்போனவர். படுக்கையை விட்டு எழாமல் கிடப்பது, கொழுக்க ஊட்டுவது, உடம்பு பிடித்துவிடுவது, உறவுகளிடமிருந்து விலக்கி வைப்பது என்பதுதான் அந்தச் சிகிச்சை. அதன்பின் கில்மனை வீட்டுக்கு அனுப்பும்போது, வீட்டோடு இருக்க வேண்டும், பேனாவைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்த அறிவுரையைக் கடைப்பிடித்த மாதங்களில் மனம் சிதையும் விளிம்புக்கே போய்விட்டதாகக் கில்மன் பின்னர் எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1892இல் வெளியான 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற கதை. அதன் பிரதியை மருத்துவருக்கு அனுப்பிவைத்ததாகவும் பதில் வரவில்லை என்றும் 1913இல் கில்மன் சொன்னார்.

ஒரே மருத்துவர். போர்வீரன் இல்லாத கையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டவர், எழுதினால்தான் எனக்கு உயிர் என்று ஒரு பெண் சொன்னதைக் கேட்கவில்லை. மிட்செலின் அறிவு இந்த இரண்டு சமயங்களிலும் ஒன்றுதான். யாருடைய சொல்லை எடுத்துக்கொள்வது என்ற தீர்மானம்தான் வேறுபட்டது. வரலாற்றில் இந்த இரண்டு மிட்செல்களையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நோயாளியின் சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லாத கோளாறுகளில், அந்தத் தீர்மானம் ஒன்றிலேயே எல்லாம் தங்கிவிடுகிறது.

*

கேட்க ஆளில்லாத ஓசைக்கு மனிதர் தாமே பொருள் தேடிக்கொள்கிறார்கள். தெகார்த்துக்கு அது உண்மையின் ஆவி. இன்று சிலருக்கு அது யாரோ தம்மேல் ஏவும் மின்காந்த ஆயுதம். நம்மூரில் தூக்கத்தில் உடம்பை அசைக்க முடியாமல் நெஞ்சில் பாரம் ஏறி உட்காருவதை அமுக்குவான் பேய் என்பார்கள். தூக்க முடக்கம் என்று மருத்துவம் சொல்லும் இதுவும் விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையில் நடப்பதே. இந்த ஓசையைக் கேட்பவர்களில் அதை அனுபவித்தவர்களும் உண்டு. பேய் என்ற விளக்கம் தவறானது. ஆனாலும் அதற்கொரு பயன் இருந்திருக்கிறது. அமுக்குவான் வந்தது என்று காலையில் திண்ணையில் வைத்துச் சொல்ல முடிந்தது, எனக்கும் வந்தது என்று இன்னொருவர் சொல்ல முடிந்தது. தலைக்குள் வெடிக்கும் சத்தத்துக்கு நம்மிடம் ஒரு பேய்கூடக் கிடையாது. அதனால் அதைக் கேட்டவர் தன் மூளையையோ தன் புத்தியையோ சந்தேகிக்கத் தொடங்குகிறார். கட்டியோ, ரத்தக் குழாய் வெடிப்போ, பைத்தியத்தின் தொடக்கமோ என்று இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறார். விழித்துக் கிடப்பதும் மன அழுத்தமும் இந்தச் சத்தத்தை மேலும் வரவழைக்கக்கூடியவை. பயம் சத்தத்தையும் சத்தம் பயத்தையும் வளர்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். திடீரென்று வரும் கடும் தலைவலி, அதுவரை அனுபவித்தேயிராத வலி, மூளையில் ரத்தக் கசிவின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வலிப்பு, நினைவு தப்புதல், கை கால் செயலிழத்தல் இருந்தாலும் அப்படியே. போரின் நினைவுகளால் வரும் அதிர்ச்சியும் வேறு. வன்னியில் செல்வீச்சுக்கு நடுவே பிழைத்து வந்த ஒருவர் இரவில் வெடிச்சத்தம் கேட்டு எழுந்தால், அந்தச் சத்தத்தோடு ஓர் இடமும் சில முகங்களும் வரக்கூடும். பகலிலும் அது அவரைத் துரத்தக்கூடும். அதற்குரிய உதவி தனி. நாம் பேசும் கோளாறில் சத்தம் மட்டுமே வரும். அதற்கு முன்னும் பின்னும் கதை இருக்காது. எது எது என்று பிரித்தறிய முதல் வழி, வந்தவரிடம் உட்கார்ந்து விசாரிப்பதுதான்.

*

மிட்செலுக்குப் பிறகு 1920இல் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸ் என்ற மருத்துவர், மூளையில் ஏதோ தெறித்து அறுந்ததுபோல் உணரும் நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். பிறகு நீண்ட மௌனம். 1988இல் அதே லான்செட்டில் இங்கிலாந்து நரம்பியலாளர் ஜே.எம்.எஸ். பியர்ஸ் 10 பேரின் அனுபவங்களைத் தொகுத்து இன்றைய பெயரில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே 50 பேரைப் பற்றி அவரால் எழுத முடிந்தது. ஓராண்டில் கோளாறு ஐந்து மடங்கு பெருகிவிடவில்லை. ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்ததும் மற்றவர்கள் சொல்ல வந்தார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். 2005இல் தூக்கக் கோளாறுகளின் பன்னாட்டு வகைப்பாட்டில் இது இடம்பெற்றது.

மருந்து என்று எடுத்துக்கொண்டால் சொல்ல அதிகமில்லை. 1991இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நோயாளிகளின் மூளை அலைகளைத் தூக்க ஆய்வகத்தில் பதிவு செய்ததோடு, குளோமிப்ரமின் சிலருக்குப் பயன்பட்டதாகவும் எழுதினார்கள். நிஃபெடிபின், டோபிரமேட் போன்றவை ஓரிருவருக்குக் கைகொடுத்த பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. நேரத்துக்குத் தூங்குவது, அலுப்பையும் மன அழுத்தத்தையும் குறைப்பது, எல்லாவற்றுக்கும் முதலில் இது தீங்கற்றது என்று விளங்கவைப்பது. விளக்கியதும் ஓசை வருவதே குறைந்துபோனவர்களும் உண்டு. விளக்கம் மூளைத்தண்டு வரை எட்டிச் செய்யும் வேலை அது.

ஆறுதல் சொல்வது சிகிச்சைக்கு முன்னுரை என்றும், மாத்திரையோ ஊசியோதான் சிகிச்சை என்றும் நாம் பழகியிருக்கிறோம். நோயாளிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுக்க ஒன்றுமில்லை என்று அனுப்பிய மருத்துவரை, ஒன்றும் தெரியாதவர் என்று ஊரில் சொல்வோம். இந்தக் கோளாறு அந்தக் கணக்கை மாற்றி எழுதுகிறது. இங்கே ஓசையால் விளையும் கேடு எதுவும் இல்லை. கேடு முழுவதும், அதைத் தனியாகக் கேட்டதாலும் யாரிடமும் சொல்ல முடியாததாலும் விளைகிறது. ஆகவே அதைப் போக்கும் சிகிச்சையும் இன்னொரு மனிதரின் வழியாகத்தான் வர முடியும். மருத்துவர் கேள்வி கேட்பதும், சொல்வதை ஏற்பதும், உமக்கு மட்டுமல்ல என்று தெரிவிப்பதும் இங்கே முன்னுரை அல்ல, அவைதாம் மருந்து. மற்ற நோய்களிலும் இந்த மருந்து சேர்ந்தே வேலை செய்கிறது. ஊசி மாத்திரைகளின் நடுவே அதன் பங்கு நம் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

நம் அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். அது மருத்துவரின் குற்றமல்ல. ஆள் பற்றாத ஏற்பாட்டின் குற்றம். ஆனால் அந்த ஏற்பாட்டில் முதலில் வெட்டுப்படுவது பேச்சுதான், ஏனென்றால் அதை நாம் உபசாரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஸ்கேன் வேண்டும், மருந்து வேண்டும் என்று கேட்பதைப் போலவே, ஐந்து நிமிடப் பேச்சு வேண்டும் என்றும் உரிமையோடு கேட்க நாம் பழக வேண்டும். வீட்டில் ஒருவர் எனக்கு மட்டும் சத்தம் கேட்கிறது என்று சொன்னால், எங்களுக்குக் கேட்கவில்லையே என்று முடித்துவிடாமல், எப்படிப்பட்ட சத்தம், எப்போது வந்தது என்று விசாரிக்கலாம். சிகிச்சை அந்த விசாரிப்பிலேயே தொடங்கிவிடுகிறது.